சந்தனத்துக்குத் துணை எது?

தஞ்சை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள அதிராம்பட்டினம், ராஜாமடம், மறவக்காடு, தம்பிக்கோட்டை வட்டாரங்களில், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலுக்குப் பிறகு தோப்புகளின் தோற்றமே மாறிவிட்டது. பல ஆண்டுகள் காய்த்துக் குடும்பத்தைத் தாங்கி வந்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. வெறுமையாகிப்போன இடத்தில் சிலர் மறுபடியும் தென்னை வைத்தார்கள். சிலர் சவுக்குக்கு மாறினார்கள். இன்னும் சிலர் இப்போது சந்தனம் வைக்கலாமா என்று விசாரிக்கிறார்கள்.

விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை கன்று? எத்தனை வருடத்தில் வெட்டலாம்? கிலோ என்ன விலை போகும்? இவை மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சந்தனத்துக்குப் பக்கத்தில் எதை நடுவது? இதற்கு விடை தெரியாமல் கன்று வாங்கினால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பொருளே இல்லாமல் போய்விடும். ஏனென்றால் சந்தனம் தனித்து வாழும் மரம் அன்று.

அரை ஒட்டுண்ணி மரம்

நம் விவசாயிகளுக்கு ஒட்டுண்ணிகள் புதியவை அல்ல. மாமரத்தில் ஏறும் புல்லுருவி, சோளத்தில் வரும் சுடுமல்லி, வேலிகளில் மஞ்சள் நூல் போலப் படரும் அம்மையார் கூந்தல் ஆகியவற்றை நாம் பார்த்திருக்கிறோம். இவற்றுள் அம்மையார் கூந்தலுக்குப் பச்சை இலையே கிடையாது. அது தன் உணவு முழுவதையும் பிற செடியிடமிருந்தே பெறுகிறது. புல்லுருவி அப்படியன்று. அதற்குப் பச்சை இலை உண்டு. சர்க்கரையைத் தானே தயாரித்துக் கொள்கிறது. நீரையும் தாது உப்புகளையும் மட்டும் மரத்திலிருந்து எடுக்கிறது. இதனால் இதனை அரை ஒட்டுண்ணி என்கிறோம்.

சந்தனமும் இத்தகைய அரை ஒட்டுண்ணிதான். தாவரவியலில் புல்லுருவியும் சந்தனமும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. வேறுபாடு ஒன்றுதான். புல்லுருவி கிளையில் ஒட்டும். சந்தனம் மண்ணுக்கு அடியில் வேரில் ஒட்டும். அதனால் புல்லுருவி செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, சந்தனம் செய்வது தெரிவதில்லை.

சந்தனம் வேர் ஒட்டுண்ணி என்பதை 1871-ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் என்பவர் எடுத்துக்காட்டினார். பின்னர் சென்னை மாகாண அரசின் தாவரவியல் அறிஞராக இருந்த சி. ஏ. பார்பர், 1906-07 ஆண்டுகளில் சந்தன வேரின் ஒட்டு உறுப்பை நுணுக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார். இந்தப் பார்பர்தான் பின்னாளில் கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் புதிய கரும்பு ரகங்களுக்கு அடிகோலியவர். அவருடைய பெயர் ஒரு கரும்பு இனத்துக்கே சூட்டப்பட்டுள்ளது.

பூமிக்கு அடியில் நடப்பது

சந்தன விதை முளைத்ததும் முதல் சில வாரங்களுக்கு விதையில் உள்ள சேமிப்பு உணவு போதுமானது. அதன் பிறகு இளம் வேர்கள் அண்டையில் உள்ள செடிகளின் வேர்களைத் தேடுகின்றன. வேறொரு வேரைத் தொட்டதும், தொட்ட இடத்தில் மணி போன்ற சிறு வெண்ணிறப் புடைப்பு ஒன்று உண்டாகிறது. இதுதான் உறிஞ்சு உறுப்பு. இது துணைச் செடியின் வேரைக் கவ்விக்கொண்டு, பட்டையைத் துளைத்து, உள்ளே நீர் செல்லும் குழாய்த் திசுவுடன் தன் குழாய்த் திசுவை இணைத்துக் கொள்கிறது. இரு வாய்க்கால்களுக்கு இடையே மதகு வைத்தது போன்ற இணைப்பு இது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மரங்களில் இரண்டு வகைக் குழாய்கள் உள்ளன. ஒன்று வேரிலிருந்து நீரையும் உப்புகளையும் மேலே கொண்டு செல்வது. மற்றொன்று இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே கொண்டு வருவது. சந்தனம் முதல் வகைக் குழாயைத்தான் இணைத்துக் கொள்கிறது. ஆகவே அது துணையிடமிருந்து முக்கியமாகப் பெறுவது நீர், தாது உப்புகள், அந்த நீரில் கரைந்து வரும் தழைச்சத்துப் பொருள்கள் ஆகியவைதாம். சர்க்கரையின் பெரும்பகுதியைத் தன் இலையில் தானே தயாரிக்கிறது.

நீர் தானாகச் சந்தனத்தின் பக்கம் ஏன் பாய வேண்டும்? மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் நீர் ஓடும். சந்தனம் தன் இலைச் சாற்றைச் செறிவாக வைத்துக்கொண்டும், இலைத் துளைகளைத் தாராளமாகத் திறந்து நீரை ஆவியாக்கிக்கொண்டும், துணை மரத்தைவிடத் தன்னை எப்போதும் பள்ளமாக வைத்துக் கொள்கிறது. இதனால் நீர் அதன் பக்கம் இழுபடுகிறது. துணை மரம் வாடினால் இந்த ஓட்டம் தளரும்; துணை செத்தால் நின்றுவிடும்.

சந்தனம் முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களில் ஒட்டுவதாகக் கணக்கிட்டுள்ளார்கள். புல்லிலும் ஒட்டும், மரத்திலும் ஒட்டும். பக்கத்துச் சந்தன வேரிலும்கூட ஒட்டும். இதைக் கேட்டுவிட்டு, "எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் என்றால் தனியாகத் துணை எதற்கு?" என்று சிலர் நினைக்கிறார்கள். ஒட்டுவது வேறு, ஒட்டியதால் பயன் பெறுவது வேறு.

துணைக்கு ஏற்ற வளர்ச்சி

நம் சந்தனம் இன்று ஆஸ்திரேலியாவிலும் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. அந்நாட்டின் வடமேற்கில் ஆர்டு நதிப் பாசனப் பகுதியில், குனுனுரா என்னும் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் வாய்க்கால் பாசனத்தில் இந்தத் தோட்டங்கள் உள்ளன. அங்கே 1990-களில் ராடோமில்ஜாக், பேட் முதலிய விஞ்ஞானிகள் சந்தனத்தை வெவ்வேறு துணைகளுடன் வளர்த்துப் பார்த்தார்கள். நம் அகத்தியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம், இரண்டு வகை வேல மரங்கள், ஒரு தைல மரம் ஆகியவை துணைகளாக இருந்தன.

அகத்தி இனத்துடனும் வேல மரங்களுடனும் வளர்ந்த சந்தனம் நன்கு தழைத்தது. அதன் இலைகளில் தழைச்சத்து மிகுந்திருந்தது. ஒளிச்சேர்க்கையும் கூடுதலாக நடந்தது. தைல மரத்துடன் வளர்ந்த சந்தனமோ மிகவும் பின்தங்கிவிட்டது. தைல மரம் நோஞ்சான் மரம் அன்று. நம் ஊரிலும் அது எப்படி வளரும் என்பது தெரிந்ததே. ஆனால் அது சந்தனத்துக்குப் பயன்படும் துணையாக அமையவில்லை.

காரணம் விளங்கக் கூடியதே. அகத்தி, வேலம், துவரை, புங்கன் போன்ற பயறுக் குடும்பச் செடிகள் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றில் உள்ள தழைச்சத்தைக் கிரகித்துக் கொள்கின்றன. அந்தச் சத்து நீரில் கரைந்து மேலே ஏறும்போது, வழியில் சந்தனம் தன் பங்கை எடுத்துக் கொள்கிறது. தழைச்சத்து கிடைத்தால் இலை கரும்பச்சையாகிறது. அந்த இலை சர்க்கரையை அதிகம் தயாரிக்கிறது. அதனால் தண்டு பருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். சந்தனத்தில் நிலைமை தலைகீழ். நார் வலுவாக இருந்தால்தான் பூ மணக்கும்.

மூன்று கட்டத் துணை

சந்தனத்துக்கு ஒரே துணையை வைத்துக்கொண்டு கடைசி வரை ஓட்ட முடியாது. பையில் உள்ள கன்றுக்கு வேண்டிய துணை வேறு, ஐந்து வயது மரத்துக்கு வேண்டிய துணை வேறு. எனவே மூன்று கட்டங்களாகத் திட்டமிட வேண்டும்.

முதற்கட்டம், நாற்றங்கால் துணை. கன்று பையில் இருக்கும்போதே உடன் சிறு செடி ஒன்று இருக்க வேண்டும். நம் நாட்டு நாற்றங்கால்களில் துவரை இதற்குப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில் பையில் வைப்பது நம் பொன்னாங்கண்ணிக் கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியை. துவரை கன்றை மூடிவிடாதபடி அவ்வப்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கன்று வாங்கப் போகும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பையில் துணைச் செடி உயிருடன் இருக்கிறதா, சந்தன இலை பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். துணையே இல்லாமல் உரத்தால் மட்டும் வளர்த்த கன்று, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வயலில் தடுமாறும்.

இரண்டாம் கட்டம், இடைக்காலத் துணை. நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு விரைவாக வளரும் துணை வேண்டும். நம் பகுதிக்கு அகத்தியும் துவரையும் பொருத்தமானவை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்த்துக் கவாத்துச் செய்து பழகிய கைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அதே பழக்கம் இங்கேயும் உதவும். சந்தனத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி விதைத்து, தழையை வெட்டி ஆட்டுக்குப் போடலாம், மூடாக்காகவும் இடலாம்.

மூன்றாம் கட்டம், நிலைத்த துணை. அகத்தியும் துவரையும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அவை முடியும்போது சந்தன வேர்கள் போய்ச் சேர நீண்ட ஆயுள் உள்ள மரம் தயாராக இருக்க வேண்டும். கடலோரத்துக்கு நான் முதலில் சொல்வது புங்கன். உப்பையும் ஓரளவு நீர்த்தேக்கத்தையும் தாங்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். விதையும் விலை போகும். அடுத்தது சவுக்கு. இதையும் புங்கனையும் சந்தனத்துடன் ஒரே சமயத்தில் நட்டுவிட வேண்டும்.

சந்தனத்தைப் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 300 கன்றுகள் பிடிக்கும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு சந்தனங்களுக்கு நடுவே, அதாவது ஆறடி தள்ளி, ஒரு நிலைத்த துணை வருமாறு அமைத்தால் துணை மரங்களும் ஏறக்குறைய 300 ஆகும். ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

சவுக்கில் ஓர் எச்சரிக்கை

சவுக்கு பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. ஆனாலும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரின் துணையால் அதன் வேரிலும் முடிச்சுகள் உண்டாகித் தழைச்சத்து சேர்கிறது. மணற்பாங்கான நிலத்தில் நன்கு வளரும். நம் விவசாயிகளுக்குக் கைவந்த பயிர். சந்தனத்துக்கு நல்ல துணை என்று பெயர் பெற்றது.

சிக்கல் அறுவடையில் இருக்கிறது. சவுக்கை நாம் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டி விற்கிறோம். சந்தனத்துக்கு இடையே உள்ள சவுக்கு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டினால், நான்கு வயதுச் சந்தனம் நீரும் தழைச்சத்தும் கிடைத்துவந்த வழியை ஒரே நாளில் இழக்கிறது. அதுவும் கோடையின் தொடக்கத்தில் வெட்டினால் நுனி காயத் தொடங்கும். எனவே சவுக்கை வைப்பவர்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் புதிய கன்று நட்டு, அது வேர் பிடித்த பிறகே மறு வரிசையில் கை வைக்க வேண்டும். சவுக்கு வரிசைகளுக்கு இடையே புங்கனைக் கலந்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

மற்றொன்று நிழல். இளம் சந்தனக் கன்றுக்குச் சிறிது நிழல் நல்லது. வளர்ந்த மரத்துக்கு வெயில் வேண்டும். துணை மரம் தலைக்கு மேல் கவிந்தால் பக்கக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். அதே சமயம் மொட்டையடித்துவிடவும் கூடாது. துணையின் இலைதான் துணையின் வேரைக் காப்பாற்றுகிறது; அந்த வேர்தான் சந்தனத்தைக் காப்பாற்றுகிறது.

எந்த நிலத்தில் வைக்கலாம்?

சந்தனம் நீர் தேங்குவதைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும் நெல் வயலிலும், களி மண்ணிலும் இதை வைக்கவே கூடாது. அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய உவர் நிலமும், கிணற்று நீர் உப்பாகிவிட்ட இடங்களும் ஏற்றவை அல்ல. நல்ல துணை வைத்தால் இந்தக் குறை தீரும் என்று எண்ண வேண்டாம். அழுகிய வேரைத் துணை மரம் பிழைக்க வைக்காது.

இதற்கு ஏற்றது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள வடிகால் வசதியான செம்மண் மேடுகளும் மணல் கலந்த வண்டல் மேடுகளுமே. அங்கேயும் நடுவதற்கு முன் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம். குழிக்கு ஒன்றரை அடி ஆழமும் அகலமும் போதும். செடியின் அடி சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடாக இருக்குமாறு மண் அணைக்க வேண்டும்.

துணை போதவில்லை என்பதன் அறிகுறிகள்

நட்ட முதல் ஆண்டு எல்லாக் கன்றும் நன்றாகவே இருக்கும். வேறுபாடு இரண்டாம் ஆண்டில்தான் தெரியத் தொடங்கும். கீழ்க்கண்டவற்றைக் கவனித்து வாருங்கள்.

புதிய இலைகள் சிறுத்து, வெளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோ வருதல்.

தளிர்களின் இடைவெளி குறைந்து, வளர்ச்சி நின்றது போலத் தோன்றுதல்.

பங்குனி, சித்திரை வெயிலில் பக்கத்துச் செடிகள் பசுமையாக இருக்க, சந்தனம் மட்டும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்தல்.

இவற்றைக் கண்டதும் யூரியாவைத் தேடி ஓட வேண்டாம். முதலில் துணைச் செடி உயிருடன், நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே இரண்டடி தள்ளி அகத்தியோ துவரையோ விதைத்து, நீர் பாய்ச்சி வாருங்கள். துணை இருந்தும் இலை வெளிறினால், துணைக்குத் தொழு உரமும் மணிச்சத்தும் கொடுங்கள். சந்தனத்துக்குத் தரும் உரத்தைவிடத் துணைக்குத் தரும் உரம் அதிகப் பலன் தரும்.

இலைகள் மிகவும் சிறுத்து, விறைப்பாக நிமிர்ந்து, கிளை நுனி துடைப்பம் போல் ஆனால் அது வேறு செய்தி. அது 1899-ஆம் ஆண்டில் குடகில் முதலில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட மரத்தை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

விவசாயிகள் கேட்கும் சில கேள்விகள்

சந்தனம் என் மா, பலா மரங்களையும் உறிஞ்சுமா?

வேர் எட்டினால் ஒட்டும். வேருக்கு வரப்பு தெரியாது. துணையாக நிற்கும் மரத்தின் வளர்ச்சி ஓரளவு குறைவது இயல்பு. ஆகவே விளைச்சலுக்காக நம்பியிருக்கும் பழ மரங்களுக்கு நெருக்கமாகவும், அடுத்தவர் தோட்டத்து வேலியை ஒட்டியும் சந்தனம் நட வேண்டாம். துணைக்கென்று தனி மரம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

சீமைக் கருவேலத்தைத் துணையாக விட்டுவிடலாமா?

அதிலும் சந்தனம் ஒட்டும். ஆனால் அது பரவி நிலத்தையே பிடித்துக் கொள்ளும். வேண்டாம்.

பன்னிரண்டு ஆண்டுகளில் கோடி ரூபாய் வரும் என்கிறார்களே?

சந்தனத்தின் மதிப்பு அதன் சேகில் இருக்கிறது. வெளிப்புற வெண்கட்டைக்கு மணம் கிடையாது. சேகு விழத் தொடங்குவதற்கே பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். பிறகு அது பருமன் ஏற இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். நல்ல துணை மரத்தைப் பருக்க வைக்கும். ஆனால் பருத்த மரமெல்லாம் வைரம் பாய்ந்த மரம் ஆகிவிடாது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவர்களுக்கே இது ஏற்றது. முழு நிலத்தையும் இதில் முடக்காமல், ஒரு பகுதியில் மட்டும் வைத்துப் பார்ப்பது அறிவுடைமை.

பட்டா நிலத்தில் வளர்க்கத் தடை உண்டா?

இல்லை. 2002-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தமாயிற்று. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் 2008-இல் வந்தன. ஆயினும் நாமாக வெட்டி விற்க முடியாது. வனத்துறையின் வழியாகவே செய்ய வேண்டும். மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்து கொள்ளுங்கள். நடைமுறைகளை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மரம் முதிர முதிரத் திருட்டுப் பயமும் வரும். காவலுக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் துணை, பிறகு சந்தனம்

புயலில் தோப்பை இழந்தவருக்குப் பத்து ஆண்டு என்பது சிறிய காலம் அன்று. தென்னை சரியாக வரவில்லை என்றால் ஐந்தாறு ஆண்டுகளில் தெரிந்துவிடும். சவுக்கு ஏமாற்றினால் நான்கே ஆண்டுகளில் மாற்றுப் பயிருக்குப் போகலாம். சந்தனமோ நோஞ்சானாகவே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று சொல்ல வைத்து, ஒரு குடும்பத்தின் பத்துப் பதினைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டுவிடும். பிறகு வெட்டிப் பார்த்தால் உள்ளே சேகு இருக்காது.

ஆகவே சந்தனம் வைக்க விரும்பும் அன்பர்கள் முதலில் துணைப் பயிர்த் திட்டத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். பையில் எது, மூன்று ஆண்டு வரை எது, அதன் பிறகு எது என்று மூன்றுக்கும் விடை இருக்கட்டும். பெங்களூரில் உள்ள மர விஞ்ஞானத் தொழில்நுட்ப நிறுவனம், கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி ஆகியவற்றில் ஆலோசனை பெறலாம். துவரையும் அகத்தியும் புங்கனும் சவுக்கும் நமக்குப் பழகிய செடிகளே. அவற்றை நன்றாக வளர்க்கத் தெரிந்தவருக்குச் சந்தனம் வளர்ப்பதில் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.